வெல்லச் சாராயம்: வீட்டு அடுப்பு முதல் மெத்தனால் வரை

வெல்லச் சாராயம் என்பது கரும்பு வெல்லத்தையோ பனை வெல்லத்தையோ நீரில் கரைத்துப் புளிக்கவைத்து, அந்த ஊறலைக் காய்ச்சி வடிக்கும் மது. ஊறலில் வெள்வேல மரத்தின் பட்டை சேர்க்கப்படுவதால் இதற்குப் பட்டைச் சாராயம் என்ற பெயரும் உண்டு. உரிமமின்றிக் காய்ச்சப்படும்போது இது கள்ளச்சாராயம் எனப்படுகிறது. இந்தியாவில் சிற்றளவில் வீடுகளிலும் தோப்புகளிலும் மலைச்சரிவுகளிலும் காய்ச்சப்பட்ட இந்தச் சாராயம், ஆங்கிலேயர் காலத்தில் வரிச் சட்டத்தாலும் பின்னர் மதுவிலக்குச் சட்டத்தாலும் குற்றமாக்கப்பட்டது. இன்று செய்திகளில் வரும் விஷச்சாராய மரணங்களுக்கு முதன்மைக் காரணம் தொழிற்சாலை மெத்தனால். வெல்ல ஊறலின் இடத்தில் மெத்தனால் எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொற்களும் தொடக்கமும்

சங்க இலக்கியத்தில் கள், நறவு, தேறல், தோப்பி எனப் பல மதுவகைகள் வருகின்றன. இவை பனை, தென்னை, தேன், அரிசி ஆகியவற்றிலிருந்து புளிக்கவைத்து எடுக்கப்பட்டவை. ஆவியாக்கிக் குளிர்வித்து எடுக்கும் வடிமதுக்கள் அல்ல. ‘வடித்தல்’ என்ற சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் வடிகட்டுதலே. சோறு வடித்தல் என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. காய்ச்சி வடித்தல் என்ற பொருள் பின்னர் சேர்ந்தது.

கரும்பு தமிழகத்தில் பழைய பயிர். அதியமானின் முன்னோர் கரும்பை இங்கு கொண்டுவந்தனர் என்ற செய்தியைப் புறநானூறு தருகிறது. கரும்பு பிழியும் பொறியைக் குறித்த ‘ஆலை’ என்ற சொல்லே இன்று எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பொதுப்பெயராகியுள்ளது. கரும்பாலையில் காய்ச்சிய வெல்லம் கெடாமல் இருக்கும், எளிதில் எடுத்துச் செல்லலாம், எந்தப் பருவத்திலும் கிடைக்கும். கள்ளுக்கு மரமும் மரமேறியும் வேண்டும். வெல்லச் சாராயத்துக்கு அந்தத் தேவை இல்லை. சிறு அளவில் சாராயம் காய்ச்சுவோருக்கு வெல்லம் உகந்த பொருளானதற்கு இதுவே காரணம்.

வெள்வேல மரப்பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. இந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்டிலர்ஸ் அகேசியா’, அதாவது சாராயம் காய்ச்சுவோரின் வேலமரம், என்றே பெயர் உண்டு. பட்டைக்கும் சாராயத்துக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு பரவலாக அறியப்பட்டிருந்தது என்பதை இப்பெயர் காட்டுகிறது.

வீட்டுச் சாராயமும் அரசும்

வீட்டில் மது செய்வதைப் பற்றி அரசுகள் பழங்காலத்திலேயே விதி வகுத்துள்ளன. மது உற்பத்தியை மேற்பார்வையிட ஓர் அதிகாரியைக் குறிப்பிடும் அர்த்தசாஸ்திரம், திருவிழா போன்ற சிறப்பு நாட்களில் குடும்பத்தார் தாமே மது செய்துகொள்ள இடமளிக்கிறது.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி மதுவைத் தடை செய்தார். தடைக்குப் பின் மக்கள் தம் வீடுகளில் மறைவாகச் சாராயம் காய்ச்சினர் என்று வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி எழுதியுள்ளார். முற்றிலும் தடுக்க இயலாது என்று கண்ட சுல்தான், தன் வீட்டில் காய்ச்சித் தானே குடிப்பவரை விட்டுவிடலாம், விற்பனையும் குடிக்கூட்டங்களும் மட்டும் கூடாது என்று ஆணையைத் தளர்த்தினார். இந்தியாவில் மதுவிலக்கையும் வீட்டுச் சாராயத்தையும் சேர்த்துப் பேசும் பழைய பதிவுகளில் இது ஒன்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியும், கரும்பைப் பற்றிய பகுதியில் சாராயம் வடிக்கும் மூன்று முறைகளை விவரிக்கிறது.

அப்காரி காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் மது, அரசின் முக்கிய வருவாயானது. மதுவின் மீதான வரி ‘அப்காரி’ எனப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1820ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்தில் சாராயம் காய்ச்சவும் விற்கவும் உரிய தனியுரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைதாரர் ஆண்டுக்கு ஒரு தொகையை அரசுக்குச் செலுத்தினார். அவருக்குப் போட்டியாக ஊரில் யாரேனும் காய்ச்சினால், குத்தகைதாரரும் அரசும் சேர்ந்தே நட்டப்பட்டனர். தன் வீட்டுக்கென ஒரு பானை ஊறல் போடுவது வரி ஏய்ப்பாக மாறியது இவ்வாறுதான்.

1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் இதை முழுமையாக்கியது. உரிமமின்றி மது செய்வதும், அதற்கான பாத்திரங்களையும் மூலப்பொருள்களையும் வைத்திருப்பதும் குற்றமாயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிற்றூர்களின் மண்பானை அடுப்புகளுக்குப் பதிலாக மையப்படுத்தப்பட்ட பெரிய வடிசாலைகளை அரசு படிப்படியாக ஊக்குவித்தது. ஒரே இடத்தில் வடித்தால் அளப்பதும் வரி வாங்குவதும் எளிது. பாரி நிறுவனத்தின் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை இம்மாற்றத்தின் முக்கிய மையங்களில் ஒன்று. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகான மொலாசஸ் இத்தகைய ஆலைகளில் எரிசாராயமாக மாறியது. 1897இல் உருவான நிறுவனத்தின் பெயரே ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு சுகர் ஃபேக்டரீஸ்’ என்பதாகும்.

இன்று இந்தியாவில் விற்கப்படும் பிராந்தி, ரம், விஸ்கி வகைகளில் பெரும்பகுதி இதே மொலாசஸ் எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. உரிமம் பெற்ற மதுக்கடையின் புட்டியும் மலைச்சரிவின் ஊறல் பானையும் கரும்பு என்ற ஒரே பயிரிலிருந்து பிறந்தவை. அளவும் தூய்மைக் கட்டுப்பாடும் வரியும் உரிமமுமே இரண்டையும் பிரிக்கின்றன.

மதுவிலக்கு: 1937 முதல் 1971 வரை

தேசிய இயக்கம் மதுவருவாயைக் குடியானவர்களின் வறுமையிலிருந்து பிழிந்த பணமாகக் கண்டது. 1921இல் ஈ.வெ. இராமசாமி தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களை வெட்டினார். ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தை நடத்திய சி. இராஜகோபாலாச்சாரி, மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற இதழை வெளியிட்டார்.

1937இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 47ஆம் பிரிவும் மதுவிலக்கை அரசின் நெறியாக வைத்தது.

மதுவிலக்கு பல ஏழைக் குடும்பங்களுக்கு ஆறுதல் அளித்தது. அதே வேளையில் சாராயம் மறைவிடங்களுக்குச் சென்றது. ‘ஊறல் போடுதல்’, ‘ஊறல் அழிப்பு’ ஆகிய சொற்கள் நாளிதழ்களில் நிலைபெற்றன. காய்ச்சியவர் வேறு, கடத்தியவர் வேறு, விற்றவர் வேறு என்று தொழில் பிரிந்தது. தானும் குடிக்கக் காய்ச்சியவருக்குத் தன் சரக்கின் மீது இருந்த அக்கறை, எங்கோ ஓரிடத்தில் முகமறியாதவருக்கு விற்பவரிடம் இருக்கத் தேவையில்லை. விரைவில் போதை தரும் என்ற எண்ணத்தில் பேட்டரிப் பொருள்களையும் உரங்களையும் ஊறலில் சேர்க்கும் வழக்கம் இத்தகைய வணிகத்தில்தான் வேர் பிடித்தது.

சாராயம் கிடைக்காத நகரங்களில் சிலர் மருந்துக்கடை டிஞ்சரையும், மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னிஷையும் குடித்தனர். 1959இல் இயல்பு மாற்றிய எரிசாராயம், மெத்தில் ஆல்ககால், வார்னிஷ் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே அரசு விதிகளை வகுத்தது. தொழிற்சாலைப் பொருள் மதுவாக மாறும் அபாயத்தை அரசு அப்போதே உணர்ந்திருந்தது என்பதற்கு இவ்விதிகள் சான்று.

திறப்பும் மூடலும்

1971 ஆகஸ்ட் இறுதியில் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது; 1974இல் மீண்டும் முழு மதுவிலக்கு வந்தது. 1981இல் எம்.ஜி. இராமச்சந்திரன் அரசு கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 1987 முதல் கள்ளும் சாராயமும் விலக்கப்பட்டன. பின்னர் சிறிது காலம் மலிவு விலைச் சாராயம் விற்கப்பட்டு, 1991இல் ஜெ. ஜெயலலிதா அரசால் நிறுத்தப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசமானது.

இந்த மாற்றங்களின் விளைவாக ஏழைத் தொழிலாளி குறைந்த விலையில் சட்டப்படி வாங்கக்கூடிய உள்ளூர் மது எதுவும் எஞ்சவில்லை. டாஸ்மாக் கடையின் குறைந்த அளவுப் புட்டிக்கும் கள்ளச்சாராயப் பாக்கெட்டுக்கும் இடையே உள்ள விலை வேறுபாடு, கள்ளச்சந்தையின் அடித்தளமானது. டாஸ்மாக் கடைகளும் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படியே இயங்குகின்றன என்பது இவ்வரலாற்றின் முரண்களில் ஒன்று.

மெத்தனால்

வெல்லத்தை ஈஸ்ட் நொதிக்கச் செய்யும்போது உண்டாவது பெரும்பாலும் எத்தனால். மெத்தனால் முக்கியமாகப் பழத்தோல் போன்றவற்றிலுள்ள பெக்டினிலிருந்து வருவதால், வெல்ல ஊறலில் அது மிகச் சிறிதளவே இருக்கும். ஆகவே பல உயிர்களை ஒரே இரவில் பறிக்கும் அளவு மெத்தனால், வெளியிலிருந்து சேர்க்கப்பட்டதாகவே இருக்க முடியும். பெயின்ட், பிசின், வேதிப்பொருள் தயாரிப்பில் பயன்படும் தொழிற்சாலை மெத்தனால் மலிவானது. நிறத்திலும் மணத்திலும் சாதாரணக் குடிகாரரால் எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாதது. காய்ச்சும் உழைப்பும் புகையும் இல்லாமல், தண்ணீர் கலந்தால் ‘சாராயம்’ ஆகிவிடும்.

உடலில் மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் தோன்றப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், வயிற்றுவலியும் மங்கிய பார்வையும் சாதாரண மயக்கமாகத் தவறாக எண்ணப்படுகின்றன. உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கும். தாமதித்தால் பிழைத்தவரும் பார்வையிழக்க நேரிடும்.

வெல்லச் சாராயம் தீங்கற்றது என்று இதனால் பொருளில்லை. ஈயப்பற்று வைத்த பாத்திரங்களிலிருந்து ஈயம் கலப்பது, எரியும் ஆவியால் தீவிபத்து, அளவறியாத போதை, கல்லீரல் நோய் ஆகியவை அதற்கும் உண்டு. ஆனால் ஊரே சாகும் நிகழ்வுகளுக்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அண்மை நிகழ்வுகள்

2001 நவம்பரில் கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பகுதியில் 50 பேர் அளவில் உயிரிழந்தனர். 2008 மே மாதம் கர்நாடகத்திலும் அதை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகிலுள்ள எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர்ப் பகுதியிலும் 20க்கு மேற்பட்டோர் இறந்தனர். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் முதலான தென்சென்னைப் புறநகர்களும் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. நகரத்தை ஒட்டிய தொழிற்பேட்டைகளும் மாவட்டத்தின் தென்கோடிச் சிற்றூர்களும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதை இந்நிகழ்வு காட்டியது. குடித்தவர்கள் அருந்தியது காய்ச்சிய சாராயம் அன்று, தொழிற்சாலை மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. சென்னைப் புறநகரின் வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து அது வந்ததாகவும் கூறியது.

2024 ஜூன் 18, 19 நாட்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விற்கப்பட்ட பாக்கெட் சாராயத்தால் 60க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலித் தொழிலாளர்கள்; பெண்களும் அவர்களுள் இருந்தனர். அதிலும் மெத்தனாலே கண்டறியப்பட்டது. அதே மாத இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கியது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை வெல்ல ஊறலுக்குப் பெயர்பெற்றது. ஜாகீர்தார்களின் கீழிருந்த இம்மலை 1976இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சாலை, பள்ளி, வேலை ஆகியவை தாமதமாக வந்த இடத்தில் சாராயம் சிலருக்குப் பிழைப்பானது. 2024 நிகழ்வுக்குப் பின் மலைமக்களின் வாழ்வாதாரம் குறித்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

பிற நாடுகளில்

இலங்கையில் சீனியைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கள்ளச்சாராயம் ‘கசிப்பு’ எனப்படுகிறது. மலேசியத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களின் வாழ்வைக் குலைத்த மலிவு மதுவுக்குச் ‘சம்சு’ என்று பெயர். இரண்டு இடங்களிலும் கூலி குறைவும் உழைப்புச் சுமையும் மலிவு மதுவும் சேர்ந்தே இருந்தன.

நியூசிலாந்து 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் சாராயம் வடிப்பதை அனுமதித்தது. விற்பனைக்கு உரிமம் வேண்டும். அலாவுதீன் கில்ஜி இறுதியில் வந்தடைந்த எல்லைக்கோடும் ஏறத்தாழ இதுவே. தமிழ்நாட்டில் இது பொருந்தாது. இங்கு வீட்டில் சாராயம் வடிப்பது எந்த அளவிலும் குற்றம்.

மதிப்பீடு

மது செய்யும் உரிமை வீட்டிலிருந்து குத்தகைதாரருக்கும், அவரிடமிருந்து வடிசாலைக்கும், பிறகு அரசுக் கடைக்கும் நகர்ந்ததையே இவ்வரலாறு காட்டுகிறது. வீட்டு அடுப்பை அணைக்க இரண்டு நூற்றாண்டுகளாகச் சட்டங்கள் எழுதப்பட்டன. ஆயினும் அண்மைப் பேரிழப்புகளில் கொன்றது அடுப்பில் காய்ச்சிய சரக்கு அன்று. பீப்பாயில் வந்த வேதிப்பொருள். ஊறல் பானைகளை உடைப்பதைச் செய்தியாக்குவது எளிது. ஆலையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு மெத்தனால் பீப்பாயும் எங்கே போய்ச் சேர்கிறது என்று கணக்கு வைப்பது கடினம். கருணாபுரம் போன்ற ஊர்களின் உயிர்கள் அந்தக் கணக்கைச் சார்ந்திருக்கின்றன.