பெருங்கோழியா, சிறுகோழியா? கண்காட்சிக் கூண்டில் இருநூறு ஆண்டுப் போட்டி

கோழிகளை அழகுக்காக வளர்த்துக் கண்காட்சிக்கு அனுப்பும் பொழுதுபோக்கு பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதில் புதிதாக இறங்குபவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: பெரிய இனத்தை வளர்ப்பதா, 'பாண்டம்' எனப்படும் சிற்றினத்தை வளர்ப்பதா? இடவசதியையும் தீனிச் செலவையும் கணக்கிட்டுப் பெரும்பாலோர் விரைவிலேயே முடிவெடுத்து விடுகின்றனர். ஆனால், அந்த முடிவுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அதன் விளைவும் சிறியதன்று.

பெயர் தந்த துறைமுகம்

'பாண்டம்' என்பது ஓர் ஊரின் பெயர். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், வடமேற்குக் கரையோரம் அமைந்துள்ள பான்டென் என்ற துறைமுகமே அது. பதினேழாம் நூற்றாண்டில் மிளகு வணிகத்தால் செழித்த இந்நகரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி 1603இலிருந்து பண்டகசாலை வைத்திருந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கம்பனிதான் 1682இல் ஆங்கிலேயரைப் பான்டெனிலிருந்தும் வெளியேற்றியது. கப்பலோட்டிகள் அங்கு வாங்கிச் சென்ற சிறிய கோழிகளுக்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் ஜப்பானின் குட்டைக்கால் 'சாபோ' உட்பட, எங்கிருந்து வந்த சிறுகோழியானாலும் ஐரோப்பியர் அதனைப் பாண்டம் என்றே அழைத்தனர்.

களத்திலிருந்து கூண்டுக்கு

கோழிகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது தமிழருக்குப் புதிதன்று. குறுந்தொகைப் புலவர் ஒருவர், குப்பைக்கோழிகளின் சண்டையை உவமையாக்கியதால் குப்பைக்கோழியார் என்றே பெயர் பெற்றார். இங்கிலாந்திலும் சேவற்போர் உயர்குடியினரின் விளையாட்டாக இருந்தது. 1835இல் நாடாளுமன்றம் அதனைத் தடைசெய்தது. சேவல் வளர்ப்பில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு, போர்க்களத்திலிருந்து கண்காட்சிக் கூண்டுக்கு இடம் மாறியது. 1845இல் லண்டன் விலங்கியற் பூங்காவில் நடந்த கண்காட்சி, பிரித்தானியக் கோழிக் கண்காட்சிகளின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

ஆயினும், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுகோழிக்கெனத் தனிச் சங்கம் ஒன்று லண்டனில் இயங்கி வந்தது. அதனைத் தோற்றுவித்தவர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சேர் ஜோன் செப்ரைட் (1767–1846). பல ஆண்டுகள் முயன்று, ஒவ்வோர் இறகின் விளிம்பிலும் கருங்கோடு ஓடும் பொன்னிற, வெண்ணிறச் சிறுகோழியை அவர் உருவாக்கினார். சேவலின் நிறை ஏறத்தாழ 620 கிராம். பேட்டினது 510 கிராம். சேவலுக்கும் வளைந்த வாலிறகுகள் இல்லை. பேட்டின் இறகமைப்பே அதற்கும் உண்டு. இனவிருத்திக் கலை பற்றி அவர் 1809இல் வெளியிட்ட சிறுநூலைச் சார்ள்ஸ் டார்வின் கவனத்துடன் படித்தார். ஆக, கண்காட்சி மேடையில் முதலில் ஏறியது சிறுகோழிதான்.

பேருருவங்களின் படையெடுப்பு

1842ஆம் ஆண்டையொட்டி விக்டோரியா மகாராணிக்குக் கீழைத்தேயத்திலிருந்து பெரிய கோழிகள் சில அன்பளிப்பாக வந்தன. சீனாவுடனான அபினிப் போரின் பின் ஷங்ஹாய் துறைமுகம் திறக்கப்பட்டதும் அவற்றினும் பெரிய, கால்வரை இறகு மூடிய கோழிகள் வந்திறங்கின. இவற்றுக்குக் 'கொச்சின்' என்ற பெயர் நிலைத்தது. கேரளத்துக் கொச்சிக்கும் இக்கோழிக்கும் தொடர்பில்லை. 'கொச்சின்-சீனா' என்பது இன்றைய தென்வியட்நாமுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். கோழியோ அங்கிருந்தும் வரவில்லை, சீனாவிலிருந்து வந்தது.

நான்கரை முதல் ஆறு கிலோ வரை நிறையுள்ள சேவலை அதுவரை கண்டிராத மக்கள் மயங்கிப் போயினர். அட்லாந்திக்கின் மறுகரையில், 1849 நவம்பரில் பொஸ்டன் பொதுப்பூங்காவில் நடந்த கண்காட்சிக்குப் பத்தாயிரம் பேர்வரை திரண்டனர். அங்கு கோழி வணிகத்தில் முன்னணியில் நின்ற ஜோர்ஜ் பேர்ன்ஹாம் 1852இல் பிரமா இனக் கோழிகளை விக்டோரியாவுக்கு அனுப்பிவைத்து, அதனையே விளம்பரமாக்கிக் கொண்டார். பித்து தணிந்தபின், 1855இல், அந்த மோகத்தையும் அதில் நடந்த ஏமாற்றுகளையும் எள்ளி நகையாடி நூல் எழுதியவரும் அவரே! விலைகள் சரிந்தன. பெருங்கோழிகள் நிலைத்தன.

போட்டி பெருகவே அளவுகோல் தேவைப்பட்டது. 1865இல் பிரித்தானியாவிலும் 1874இல் அமெரிக்காவிலும் இனங்களின் நிறை, நிறம், கொண்டை, வால் ஆகியவற்றை வரையறுக்கும் தரநூல்கள் வெளிவந்தன. நடுவர் கையில் அவை சட்டநூலாயின.

பெரியதைச் சிறியதாக்கிய கலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு முயற்சி தொடங்கியது. யோர்க்ஷயரைச் சேர்ந்த டபிள்யூ. எவ். என்ட்விசில், பெரிய இனங்களின் நுண்வடிவங்களை ஒவ்வொன்றாக உருவாக்கினார். நம்மவர் சண்டைச் சேவலாக அறிந்த அசில் இனமும் அவர் கையில் சிறுவடிவம் பெற்றது. அவரது நூல் 1894இல் வெளியாயிற்று. அதிலிருந்து சிறுகோழிகள் இருவகையாயின: செப்ரைட் போலப் பெரிய வடிவமே இல்லாத 'உண்மைப் பாண்டம்' ஒன்று, பெரிய இனத்தின் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே உள்ள 'குறுவடிவம்' மற்றொன்று.

இரண்டுக்கும் வளர்ப்பு முறை வேறு. பெருங்கோழி வளர்ப்பவர் குஞ்சுகளை ஆண்டின் தொடக்கத்திலேயே பொரிக்க வைப்பார்; எலும்புச் சட்டகம் வளர நீண்ட காலம் வேண்டும். பிரமா, கொச்சின் போன்றவை முழு வளர்ச்சியடைய ஓராண்டுக்கு மேலாகும். சிறுகோழி வளர்ப்பவரோ, உருவம் சிறுத்திருக்க வேண்டும் என்பதற்காகப் பொரிப்பதைப் பிந்திய பருவத்துக்குத் தள்ளிவைப்பார். முன்னவரின் கவலை அளவு குறைந்துவிடக் கூடாதென்பது. பின்னவரின் கவலை அளவு கூடிவிடக் கூடாதென்பது.

தெரிவும் அதன் விலையும்

இருபதாம் நூற்றாண்டு சிறுகோழியின் பக்கம் சாய்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் தீவனம் பங்கீட்டுக்குள் வந்தது. தம் முட்டைப் பங்கீட்டை விட்டுக்கொடுத்த வீட்டாருக்கே கோழித்தீனி கிடைத்தது. ஆறு கிலோ சேவலுக்கு அந்த நாட்களில் யார் தீனி போடுவது? வீட்டு முற்றங்கள் சுருங்கியதும் அதே திசையில் தள்ளியது. சிறுகோழிக்குச் சிறு கூடு போதும். கண்காட்சிக்கு முன் கழுவி உலர்த்துவது எளிது. ஒரு காரில் பலவற்றைக் கொண்டுபோகலாம். இன்று பல கண்காட்சிகளில் பாண்டம் கூண்டுகளே மிகுதி.

பெருங்கோழிக்கு இன்னோர் அடியும் விழுந்தது. முட்டைக்கும் இறைச்சிக்கும் தனித்தனிக் கலப்பினங்களைப் பெருநிறுவனங்கள் உற்பத்தி செய்யத் தொடங்கியபின், பண்ணைகளிலிருந்து பழைய இனங்கள் வெளியேறின. அவற்றைக் காக்கும் பொறுப்பு கண்காட்சிக்காக வளர்ப்போரின் தோளில் வந்து விழுந்தது. பிரித்தானியாவில் 1973இலும் அமெரிக்காவில் 1977இலும் அரிய இனங்களைப் பேணும் அமைப்புகள் தோன்றியதற்கு இத்தகைய இழப்பே காரணம்.

இங்குதான் தொடக்கத்துக் கேள்வி கனம் பெறுகிறது. பெரிய இனம் அழிந்தாலும் அதன் குறுவடிவம் இருக்கிறதே எனச் சிலர் ஆறுதல் கொள்ளலாம். அந்த ஆறுதல் பொய்யானது. பல குறுவடிவங்கள் வேறு சிறுகோழிகளின் இரத்தம் கலந்து உருவானவை. நிறமும் கொண்டையும் ஒத்திருக்கும். பெரும் உடலையும் அதன் பயன்பாட்டுக் குணங்களையும் தந்த மரபணுக்கள் அவற்றில் இராமற் போகலாம். சிறியதிலிருந்து பெரியதை மீட்பது, பெரியதிலிருந்து சிறியதைச் செதுக்குவதைப் போன்றதன்று.

செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக் கோழிகளின் மூதாதை என்று டார்வின் 1868இல் வாதிட்டார். நமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியையும் அவர் பரிசீலித்து, அந்த இடத்துக்கு உரியதன்று என விலக்கினார். ஏறத்தாழ ஒரு கிலோ நிறையுள்ள அந்த வனப்பறவையிலிருந்து ஆறு கிலோ கொச்சினும் அறுநூறு கிராம் செப்ரைட்டும் பிறந்திருப்பது மனிதக் கையின் வேலை. கை விலகினால் இரண்டும் நிலைக்கா.

இடம் குறைந்தவர் சிறுகோழியைத் தெரிவதில் பிழையில்லை. செப்ரைட் போன்ற உண்மைப் பாண்டங்களுக்கும் காவலர் வேண்டும். ஆனால் நிலமும் வசதியும் உள்ளவர், எளிது என்ற ஒரே காரணத்துக்காகப் பெருங்கோழியைக் கைவிடுவாரானால், வெற்றிடமாவது அவரது கூண்டு மட்டுமன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் கைமாற்றித் தந்த ஒரு வம்சத்தின் தொடர்ச்சியும் அங்கே அறுந்துபோகிறது.