முங்கிய காடு

தேக்கடி யானைப் படங்களில் எல்லோரும் யானையைப் பார்ப்பார்கள். என் கண்ணில் முதலில் பட்டவை பின்னால் தண்ணீருக்குள் நிற்கும் மொட்டை மரங்கள். குயிலாப்பாளையத்துக்காரன் இல்லையா, பட்ட மரம்னாலே உப்புத்தண்ணி ஏறிடுச்சோன்னு தோணும்.

அங்கே இருப்பது நல்ல தண்ணீர்தான். மதுரைச் சீமைக்கு ஆற்றைத் திருப்ப 1895இல் பென்னிகுவிக் கட்டிமுடித்த முல்லைப்பெரியாறு அணை, ஒரு பள்ளத்தாக்கையே முழுங்கிவிட்டது. ஏரிக்குள் நிற்பவை அந்தக் காட்டின் அடிமரங்கள். கோடையில் நீர் இறங்க, கரையெல்லாம் புல். அதைத் தேடி யானையும் கடமானும் காட்டுமாடும் வெட்டவெளிக்கு வரும். புதருக்குள் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாத மிருகம், இங்கே படகிலிருந்தே கேமராவில் விழும். முதுமலையில் மா. கிருஷ்ணன் (நம்ம மாதவையாவின் மகன்தான்) வளர்ப்பு யானையின் முதுகிலேறிப் போய்க் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். தேக்கடியில் அந்தப் பாடு கிடையாது.

ஏரியைச் சுற்றிய காட்டை 1934இல் திருவிதாங்கூர் அரசு காப்பிடமாக்கியது. 1978இல் அது புலிகள் காப்பகம். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்கலாம் என்றது. ஏறும் ஒவ்வோர் அடியும் கம்பத்தில் நெல்லாகிறது. ஏரிக்கரையில் அவ்வளவு புல் முங்குகிறது.