பீதர்க் கோட்டை மண்ணும் பித்ரிக் கருமையும்

செம்புப் பாத்திரத்தில் ஏறும் பச்சைக் களிம்பை நாம் புளியிட்டுத் துலக்கி அகற்றுகிறோம். அத்தகைய நிறமாற்றத்தையே அழகாகக் கொண்ட கலைகளும் உண்டு. உலோகத்தின்மேல் வண்ணம் பூசாது, உலோகத்தையே நிறம் மாறச் செய்யும் அக்கலைகளுள் தலைசிறந்த ஒன்று, கருநாடகத்தின் வடகோடியிலுள்ள பீதர் நகரத்துப் பித்ரி வேலைப்பாடு.

பதினைந்தாம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்கள் தம் தலைநகரைக் குல்பர்காவிலிருந்து பீதருக்கு மாற்றினர். அந்நகரின் பெயரையே இக்கலை தாங்கி நிற்கிறது. மையிருள் போன்ற கருமையில் வெள்ளிக் கொடிகள் படர்ந்த ஹுக்காக் கலங்களும் வெற்றிலைப் பெட்டிகளும் இக்கலையில் உருவாயின. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த பெரும் பொருட்காட்சியிலும் பித்ரிப் பொருள்கள் இடம்பெற்றன. இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வெள்ளியையே வியந்து அமைகின்றனர். வியக்கத்தக்கது கருமையே என்பது என் துணிபு.

கலத்தில் பெரும்பகுதி துத்தநாகம், செம்பு சிறிதே. பதினாறு பங்கிற்கு ஒரு பங்கு என்பது வழக்கிலுள்ள கணக்கு. மண்ணச்சில் வார்த்து, அரத்தால் அராவியபின் மயில்துத்தக் கரைசலைத் தடவுவர். அப்போது தோன்றும் கருமை, உளிக்கோடு தெளிவாகத் தெரிவதற்கே, நிலையானதன்று. செதுக்கிய பள்ளங்களில் வெள்ளிக் கம்பியை அடித்துப் பொருத்தி மீண்டும் தேய்க்குங்கால், அக்கருமை அகன்று கலம் முழுதும் வெளிறிவிடும். வெள்ளி எது, துத்தநாகம் எது என்று பிரித்தறிதல் அரிது. பட்ட பாடெல்லாம் வீணாயிற்றோ என்று காண்போர் ஐயுறும் நிலை அது.

அந்நிலையில்தான் மண் வருகிறது. வெயிலும் மழையும் நெடுங்காலம் படாத, கோட்டையின் பழைய பகுதிகளில் எடுத்த உவர்மண் அது. கைவினைஞர் நாவிலிட்டுச் சுவைத்தே அதனைத் தேர்வர். அம்மண்ணை நவச்சாரத்துடன் நீரில் குழைத்து, இளஞ்சூடேற்றிய கலத்தின்மேல் தேய்த்தால் கலப்புலோகம் கறுத்துவிடும்; வெள்ளியோ வெள்ளியாகவே நிற்கும். தூய துத்தநாகத்தில் இக்கருமை அமைவதில்லை. அச்சிறு பங்குச் செம்பே அதற்கு இன்றியமையாதது என்பதை இக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆய்வுக்கூடம் எதுவும் இன்றி, நாவும் கையும் துணையாக அதனைக் கண்டறிந்தோர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை!

பித்ரிக்கு 2006இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பீதர்க் கைவினைஞர் ஷா ரஷீத் அகமது காத்ரிக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. மகிழத்தக்கனவே. ஆயினும் மண் இருப்பது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமான கோட்டைக்குள். அதுவும் அள்ள அள்ளக் குறைவது. எவ்விடத்து மண்ணில் எவ்வுப்பு எவ்வளவு உள்ளது என்று ஆராய்ந்து, கைவினைஞர் நாவின் தீர்ப்போடு ஒப்பிட்டு எழுதிவைத்தல், அச்சுவை அறிந்தோர் உள்ளபோதே செய்யத்தக்க பணியாகும்.