ஐதராபாத் மின்னூலகமும் நிலைத்தளங்களும்

வேர்ட்பிரஸில் எழுதிவந்த வலைப்பதிவை நிலைத்தளமாக மாற்றுவது புதுமை போலத் தோன்றினும், அடிப்படையில் அது ஒரு மீட்சியே. 2001இல் வெளிவந்த மூவபிள் டைப், பதிவுகளை முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாக்கி வழங்கியில் வைத்தது. 2003இல் வந்த வேர்ட்பிரஸ், எழுத்தைத் தரவுத்தளத்தில் சேமித்து, வாசகர் கேட்கும்போது பக்கத்தைக் கட்டித் தந்தது. எழுதுவது எளிதாயிற்று, ஆனால் பதிவின் ஆயுள் நிரல், தரவுத்தளம், வழங்கி ஆகிய மூன்றின் ஆயுளோடும் பிணைந்தது. 2008இல் டாம் பிரஸ்டன்-வெர்னர் உருவாக்கிய ஜெக்கில் பழைய முறைக்குத் திரும்பியது. அதில் ஒவ்வொரு பதிவும் ஓர் எளிய உரைக்கோப்பு. அக்கோப்புகளிலிருந்து தளம் முழுவதும் முன்கூட்டியே உருவாக்கப்படுகிறது. வழங்கி அதனை எடுத்துக் கொடுப்பதோடு சரி.

இம்மீட்சியின் தேவையை ஐதராபாத்தோடு தொடர்புடைய ஒரு வரலாறு உணர்த்தும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜ் ரெட்டி முன்னெடுத்த பத்து லட்சம் நூல் திட்டத்தின் இந்தியப் பகுதியே இந்திய மின்னூலகம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோடு ஐதராபாத் ஐஐஐடியும் அதன் முதன்மை மையங்களுள் ஒன்றாக விளங்கியது. தமிழ், தெலுங்கு, உருது உள்ளிட்ட பல மொழிகளின் பழைய நூல்கள் பக்கம் பக்கமாக வருடப்பட்டன. ஒவ்வொரு பக்கமும் தனிப் படக்கோப்பாக இருந்தமையால், நூலைப் படிக்கத் தளத்தின் காட்சிநிரல் தேவைப்பட்டது. பின்னாளில் அத்தளமே இயங்காமல் போயிற்று. அதன் முகவரிகளை மேற்கோள் காட்டிய அடிக்குறிப்புகள் வெற்றுச் சுட்டிகளாயின.

நூல்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. கார்ல் மலமூட்டின் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பு, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைப் படியெடுத்து, தரவிறக்கத்தக்க கோப்புகளாக இன்டர்நெட் ஆர்க்கைவில் சேர்த்தது. அவற்றின் அடையாளக் குறிகள் இன்றும் ‘இன்.எர்நெட்.டிஎல்ஐ’ என்றே தொடங்குகின்றன. மறைந்த தளத்தின் பெயரைத் தலைகீழாக வைத்தால் கிடைப்பது அதுவே. அக்குறியைக் கொண்டு எந்த நூல் எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் அறியலாம்.

தளத்தின் இயங்குபொறி நின்றபோதும், படியெடுக்கத்தக்க கோப்பும் மூலத்தைச் சுட்டும் பெயரும் எஞ்சின. வலைப்பதிவை மாற்றும் ஆய்வாளர் கருதவேண்டியவையும் இவ்விரண்டே. உரையைக் கோப்பாக்குவது பாதிப் பணி. ஜெக்கிலில் ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் பழைய முகவரியை ஒரே வரியில் குறித்துவிடலாம். அவ்வரியை விட்டுவிட்டால், எழுத்து பிழைத்திருந்தும் அதனை மேற்கோள் காட்டியவரின் அடிக்குறிப்பு பிழைக்காது.