கல்லை அள்ளினார்கள், ஊர் போயிற்று

போன வாரம் பார்த்த டன்விச் நகரத்தின் கதையில் கடலைக் குற்றம் சொல்ல இடமிருந்தது. 13ஆம் நூற்றாண்டின் புயல்கள் தொடங்கிவைத்த வேலையை அலைகள் பல நூறு ஆண்டுகள் நிதானமாகச் செய்து முடித்தன. மனிதர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். இந்த வாரம் போகும் ஊர் அந்த ரகம் இல்லை. இதன் அழிவுக்கு உரிமம் உண்டு, ஒப்பந்தக்காரர் உண்டு, கோப்பு உண்டு, 'ஆபத்தில்லை' என்று எழுதிக்கொடுத்த அதிகாரி உண்டு.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன். அதன் தென்கரையில் ஸ்டார்ட் பாயின்ட் என்ற பாறைமுனை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. நுனியில் 1836இல் கட்டிய கலங்கரை விளக்கம். அங்கிருந்து வடக்கே வளைந்து போகும் கிழக்குப் பார்த்த விரிகுடாவுக்கு ஸ்டார்ட் பே என்று பெயர். முனையை ஒட்டினாற்போல் ஹால்சாண்ட்ஸ், அடுத்தது பீசாண்ட்ஸ், அதற்கும் வடக்கே டார்கிராஸ், ஸ்லாப்டன். வரைபடத்தில் இந்த நான்கு பெயரையும் விரல்நுனியால் மறைத்துவிடலாம். ஆனால் இந்தச் சிறு கரைக்குள் அடங்கியிருக்கும் கதைகளுக்கு ஒரு வாரம் போதாது.

ஹால்சாண்ட்ஸில் 1506லேயே ஒரு சிறு வழிபாட்டுக்கூடம் இருந்திருக்கிறது. ஊராக உருவெடுத்தது பின்னால்தான். பின்னால் செங்குத்தான பாறைச் சுவர், முன்னால் கடல், இரண்டுக்கும் நடுவே ஒரு பாறைத் திண்ணை. அந்தத் திண்ணைமேல் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். எல்லா வீடும் முழுதாகப் பாறைமேல் நின்றதில்லை. பாறைக்கு நடுவே இருந்த பிளவுகளில் காலங்காலமாக மணலும் கல்லும் அடைந்து கெட்டியாகியிருந்தன. பல வீடுகளின் பாதி அந்த அடைசல்மேல்தான் நின்றது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

1891 கணக்கெடுப்பின்படி 37 வீடுகள், 159 பேர். 'லண்டன் இன்' என்று ஒரு மதுக்கடை. பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொந்த வீடு. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கூலிக் குடும்பங்கள் கனவிலும் நினைக்க முடியாத வசதி இது. தொழில் நண்டு. எதிரே கடலுக்குள் கிடக்கும் ஸ்கெரீஸ் திட்டைச் சுற்றிலும் பிரம்பு போன்ற மெல்லிய மரக்குச்சிகளால் பின்னிய கூடுகளை இறக்கி நண்டும் சிங்கி இறாலும் பிடித்தார்கள். துறைமுகமோ படகுத்துறையோ கிடையாது. படகு திரும்பும்போது வீட்டில் இருக்கும் பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள் எல்லாரும் இறங்கி வந்து கயிறு பிடித்துக் கரைமேல் இழுத்தாக வேண்டும். அலை மோசமாக இருக்கும் நாளில் பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாய்கள் நுரையைக் கிழித்துக்கொண்டு நீந்திப் போய்ப் படகிலிருந்து கயிற்றுமுனையைக் கவ்விக்கொண்டு வரும். அதற்கென்றே பழக்கி வைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் இடம் கொடுத்தது வீட்டு வாசலுக்கும் அலைக்கும் நடுவே குவிந்து கிடந்த கூழாங்கல் மேடு. படகு ஏற்ற, வலை உலர்த்த, பிள்ளைகள் ஓடி விளையாட எல்லாம் அதுதான். புயல் அடித்தால் அலையின் வேகம் அந்த மேட்டிலேயே உடைந்து கல்லுக்குள் வடிந்துவிடும். 1891 மார்ச்சில் தென்மேற்கு இங்கிலாந்தையே முடக்கிய பனிப்புயல் வந்தது. கிழக்கிலிருந்து சீறிய காற்றில் ஸ்டார்ட் பாயின்ட்டைச் சுற்றிலும் கப்பல்கள் நொறுங்கின. மேலே சொன்ன கணக்கெடுப்பு அதற்கு அடுத்த மாதம் எடுத்தது. அதாவது அவ்வளவு பெரிய புயலுக்குப் பிறகும் எண்ணிப் பார்க்க ஊர் இருந்தது.

அடுத்த காட்சி பிளிமத். உலகின் இரண்டாவது, மூன்றாவது பெரிய கடற்படைகளைச் சேர்த்தாலும் அவற்றுக்குச் சமமாகத் தன் கடற்படை இருக்க வேண்டும் என்று 1889இல் பிரிட்டன் சட்டம் போட்டது. கப்பல் பெருத்தால் கப்பல்துறையும் பெருக்க வேண்டும். பிளிமத்தை அடுத்த டெவன்போர்ட்டில், கீயம் பகுதியில் பிரம்மாண்டமான விரிவாக்கம் தொடங்கியது. ஒப்பந்தம் எடுத்தவர் சர் ஜான் ஜாக்சன். சாதாரண ஆளில்லை; லண்டன் டவர் பாலத்துக்கு அடித்தளம் போட்டவர், மான்செஸ்டர் கப்பல் கால்வாயின் கடைசிப் பகுதியை முடித்துக்கொடுத்தவர். கீயத்துக்கு மலை மலையாகக் கான்கிரீட் வேண்டியிருந்தது. கான்கிரீட்டுக்குக் கல் வேண்டும். விலையில்லாமல், அள்ள அள்ளக் கிடைக்கும் கல் எங்கே இருக்கிறது?

1896இல் பிரிட்டிஷ் அரசின் வணிகத் துறையான போர்டு ஆஃப் டிரேட் உரிமம் கொடுத்தது. ஹால்சாண்ட்ஸுக்கும் பீசாண்ட்ஸுக்கும் நடுவே கரையை ஒட்டிய கடலில் கூழாங்கல் அள்ளிக்கொள்ளலாம். கிராமத்தாரை யாரும் கேட்கவில்லை. 1897 ஏப்ரலில் தூர்வாரும் கப்பல்கள் வந்து நின்றபோதுதான் அவர்களுக்கு விஷயமே தெரியும். சில நாட்களில் 1,600 டன் வரை அள்ளினார்கள்.

மீனவர்கள் உடனே குரல் கொடுத்தார்கள். தொகுதி எம்.பி. ஃபிராங்க் மில்ட்மே அவர்கள் பக்கம் நின்றார். (இந்தக் கதையில் அதிகாரத்தில் இருந்தவர்களில் முகம் சுளிக்காமல் எழுத முடிகிற ஒரே பெயர் இது.) விசாரணைக்கு அதிகாரி வந்தார், பார்த்தார், ஊருக்குப் பெரிய ஆபத்து வர வாய்ப்பில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அள்ளிய இடத்தைக் கடலே புதுக்கல் கொண்டுவந்து நிரப்பிவிடும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. தொழிலுக்கு இடைஞ்சலாயிற்றே என்று மீனவர்களுக்கு ஒரு சிறு தொகை கொடுத்து வாயை அடைத்தார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு பிசகு என்பதற்குச் சாட்சி காலடியிலேயே கிடந்தது. ஸ்டார்ட் பாயின்ட்டின் பாறை பளபளக்கும் ஏட்டுப்பாறை வகை. கரையில் கிடக்கும் கல்லோ பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல். பக்கத்துப் பாறை உடைந்து அந்தக் கல் வராது. அப்படியானால் எங்கிருந்து வந்தது? பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்த காலத்தில், கடலின் அடியில் கிடந்த பழைய கல்லை அலைகள் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்த வேலை அது. புதிதாகக் கல் வந்துசேர வழியே இல்லை. வட்டி வந்துகொண்டே இருக்கும் என்ற எண்ணத்தில் முதலைச் செலவழித்திருக்கிறார்கள்.

கடலுக்குள் தோண்டிய பள்ளம் பள்ளமாக நிற்குமா? கரைமேல் இருந்த கல் சரிந்து அதை நிரப்பியது. கரை தாழ்ந்தது. 1900க்குள் சில இடங்களில் கரைமட்டம் ஆளுயரத்துக்கு மேல் இறங்கிவிட்டது. வாசலை விட்டு இறங்கினால் கல் என்று இருந்த வீட்டுக்கு இப்போது வாசலுக்குக் கீழே வெற்றுச்சுவர். அந்த இலையுதிர்காலப் புயலில் கடற்சுவரின் ஒரு பகுதி போயிற்று. நவம்பரில் ஊரார் எம்.பி.க்கு மனுக் கொடுத்தார்கள். 1901 மார்ச்சில் கிங்ஸ்பிரிட்ஜ் ஊரக மாவட்ட மன்றம் சாலை பழுதானதைச் சொல்லி அரசுக்கு எழுதியது. மனிதர்கள் வீடு போகிறது என்று எழுதியபோது அசையாத கோப்பு, அரசாங்கச் சாலை போகிறது என்றதும் அசைந்தது. செப்டம்பரில் வந்த புதிய அதிகாரி, இன்னொரு பெரும்புயல் வந்தால் நிலைமை கெட்டுவிடும், அள்ளுவதை நிறுத்துங்கள் என்று எழுதினார். அப்போதும் நாலு மாதம் கழிந்தது. 1902 ஜனவரி 8 அன்றுதான் உரிமம் ரத்தானது. அதற்குள் கடலுக்கு வெளியே போன கல், மதிப்பீட்டின்படி 6,50,000 டன்.

இங்கே இன்னொரு மனிதரைச் சொல்லாமல் போகக்கூடாது. ரிச்சர்ட் ஹான்ஸ்ஃபர்ட் வர்த். பிளிமத்துக்காரர், பொறியாளர், நிலவியலும் தெரிந்தவர். உணர்ச்சிவசப்பட்டு எதுவும் எழுதாமல், கரைமட்டத்தைத் திரும்பத் திரும்ப அளந்து பதிவு செய்துகொண்டே இருந்தார். இன்று இந்தக் கதையை அடி, அங்குலக் கணக்கோடு யாரும் சொல்ல முடிகிறதென்றால் அவர் புண்ணியம். ஊர்க் கிழவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதற்கும் அவர் அளவுகோல் சொன்னதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

தூர்வாரல் நின்ற ஆண்டில் கரை சற்றுத் தேறியதுபோல் தெரிந்தது. பிறகு வந்த குளிர்காலப் புயல்களில் மறுபடி தாழ்ந்தது. சில வீடுகள் விழுந்தன, லண்டன் இன் சேதமடைந்தது. கான்கிரீட் சுவர்கள் எழுப்பினார்கள். யோசித்துப் பாருங்கள், கரையிலிருந்த கல்லைக் கொண்டுபோய் ஓரிடத்தில் கான்கிரீட் ஆக்கிவிட்டு, அந்தக் கல் இல்லாத குறைக்கு இங்கே கான்கிரீட் போடுகிறார்கள். கீயம் விரிவாக்கத்தை 1907இல் வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்தார். பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர்.

சுவர் பத்தாண்டுக்கு மேல் தாங்கியது. 1917 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. வாடைக்கொண்டல் பெருங்காற்றாக மாறியது. அதே நேரத்தில் வழக்கத்துக்கு மீறிய ஓதமும் சேர்ந்துகொண்டது. இருட்டிய பிறகு அலை சுவரைத் தாண்டிக் கூரைமேல் விழத் தொடங்கியது. பாறைப் பிளவுகளில் அடைந்திருந்த மணலையும் கல்லையும் கடல் அடியிலிருந்து உறிஞ்ச, மேலே நின்ற வீட்டின் தளம் திடீரென்று இல்லாமல் போனது. அன்றிரவே நான்கு வீடுகள் விழுந்தன. உயரத்தில் இருந்த வீடுகளுக்கு ஓடியவர்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் பாறைச்சரிவில் ஏறியவர்கள் என்று ஒருவர் விடாமல் எல்லாரும் பிழைத்தார்கள். மறுநாள் ஓதம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அந்த ஆண்டு முடிவில் குடியிருக்கத் தகுந்ததாக ஒரே ஒரு வீடு.

'ஒரே இரவில் கடல் விழுங்கிய கிராமம்' என்று சுற்றுலாக்காரர்கள் இதைச் சொல்வார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். இருபது வருடத்து வேலைக்கு ஒரு இரவின் பெயரை வைப்பது யாருக்கு வசதி? அந்த இரவில் டெவன்போர்ட்டின் எம்.பி. யார் தெரியுமா? சர் ஜான் ஜாக்சன். 1910இல் வென்று 1918 வரை அந்த இடத்தில் இருந்தார். கப்பல்துறை கட்டியவரைக் கப்பல்துறை ஊர் மறக்கவில்லை.

நஷ்டஈட்டுக்காக ஹால்சாண்ட்ஸ்காரர்கள் ஏழு வருடம் போராடினார்கள். நடுவே உலகப்போர் வேறு. 1924 வாக்கில் சற்று வடக்கே, உள்ளே தள்ளிச் சில வீடுகள் எழுந்தன. பலர் உறவுக்காரர்கள் இருந்த பக்கத்து ஊர்களுக்கு எப்போதோ போய்விட்டார்கள்.

வீடிழந்த குடும்பங்களில் ஒன்று டிரவுட் குடும்பம். பேஷன்ஸ், எல்லா, கிளாரா, ஈடித் என்று நான்கு சகோதரிகள். பெண்கள் படகு ஓட்டி நண்டுத்தொழில் செய்வது வழக்கமில்லாத காலத்தில் மூத்தவள் பேஷன்ஸ் அப்பாவின் படகை எடுத்தாள், எல்லாவும் சேர்ந்துகொண்டாள். ஊர் போன எட்டாவது மாதம், 1917 செப்டம்பர் 8 அன்று, ஸ்டார்ட் பாயின்ட் அருகே நியூஹோம் என்ற கப்பல் வெடித்து மூழ்கியது. கூடுகளைப் பார்க்கப் போயிருந்த எல்லா, பத்து வயது உறவுக்காரப் பையன் ஒருவனோடு துடுப்புப் போட்டுப் போய், நீரில் தத்தளித்த ஒரு மாலுமியைத் தூக்கிவந்தாள். அதற்குப் பிரிட்டிஷ் பேரரசு விருது கிடைத்தது. எந்த அரசிடம் நஷ்டஈட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்களோ அதே அரசு. 1920களில் பழைய ஊருக்கு மேலே, பாறை உச்சியில், சகோதரிகள் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். கடல் எட்டாத உயரம் பார்த்துத்தான் மனை எடுத்தார்கள்.

மிஞ்சிய அந்த ஒற்றை வீடு பிரெட்டிஜான் குடும்பத்தினுடையது. எலிசபெத் பிரெட்டிஜான் அங்கிருந்து நகரவில்லை. குடும்பத்தில் ஒவ்வொருவராகப் போன பிறகும் கோழிகளோடு தனியே இருந்தார். இடிபாட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு எந்தச் சுவர் யார் வீடு, எது மதுக்கடை, படகு எங்கே நின்றது என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். 1964இல், எண்பதாவது வயதில் இறக்கும் வரை இது நடந்தது. அரசுக் கோப்புகளில் சாலையும் சுவரும் செலவும் இருக்கின்றன. எந்த வாசலில் யார் உட்கார்ந்து கூடு பின்னினார் என்பது அந்த அம்மாள் ஒருவரிடம்தான் இருந்தது. வந்தவர்களில் சிலராவது எழுதி வைத்தார்கள், படம் எடுத்தார்கள். அதனால்தான் இந்த ஊருக்கு முகம் இருக்கிறது.

அள்ளிய கல் இன்றுவரை திரும்பவில்லை. திரும்பாது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். இதே விரிகுடாவின் வடபகுதியில் கூழாங்கல் மேட்டின்மேல் போடப்பட்ட ஸ்லாப்டன் சாலையைப் புயல்கள் திரும்பத் திரும்ப அறுத்துக்கொண்டிருக்கின்றன, 2018லும் அறுத்தன. அந்த மேட்டில் இன்னொரு கதை இருக்கிறது. 1943 கடைசியில், சில வாரக் கெடுவில், சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 3,000 பேரை அரசாங்கம் வீடு, மாடு, வயலோடு காலி செய்யச் சொன்னது. டார்கிராஸ் கரையில் இன்று நிற்கும் துருப்பிடித்த அமெரிக்க டாங்கிக்கும் அதற்கும் உள்ள தொடர்பை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)