தேய்ந்த காசும் தேயாத காசும்

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த காலத்து, அடியார்க்கு அமுதூட்டும் பொருட்டு இறைவன் நாள்தோறும் அருளிய படிக்காசுகளுள் திருநாவுக்கரசர் பெற்றது முழு மதிப்புக்கு மாறியதென்றும், ஞானசம்பந்தர் பெற்றதற்குக் கடைக்காரர்கள் வட்டம் கேட்டார்களென்றும், அந்த வாசி நீங்கும்படி அவர் பதிகம் பாடினாரென்றும் பெரிய புராணம் கூறும். பக்தியின் மகிமை ஒருபுறமிருக்க, தெய்வம் தந்த காசானாலும் நிறுத்தும் உரைத்தும் பார்த்த பின்னரே நம் வணிகர் அரிசி அளந்தார்கள் என்னும் லௌகிக உண்மையும் இக்கதையில் அடங்கியிருக்கிறது.

ஒரே அச்சாலையில் ஒரே வருஷத்தில் பிறந்த இரு காசுகளில் ஒன்று முகம் மழுங்கியும் மற்றொன்று மெருகு குலையாமலும் இருப்பதேன்? முதலில், வருஷத்தையே நம்பக்கூடாது. கம்பெனியார் 1835-ஆம் ஆண்டில் தம் ராஜ்யம் முழுமைக்கும் ஏற்படுத்திய ரூபாய், 180 கிரெயின் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்டது. அதில் 1840 என்று பொறித்த காசுகள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதே தேதியுடன் அடிக்கப்பட்டன. 1862 என்னும் தேதியும் அவ்வாறே பத்தாண்டுக்கு மேல் மாறாமல் நின்றது. ஆகவே, '1862' என்று காட்டும் இரண்டு ராணித்தலை ரூபாய்களில் புதிதாய்த் தோன்றுவது உண்மையிலேயே இளையதாகவும் இருக்கலாம்.

தேதியைக் காட்டிலும் பெரிய காரணம் தொகையின் அளவு. ரூபாய் என்பது அறுவடை முடிந்து நெல் விற்றபோது வீட்டுக்குள் நுழைந்து, பானைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ அடங்கி, கிஸ்தி கட்டவோ கல்யாணம் நடத்தவோ வேண்டி வந்தாலொழிய வெளிச்சம் காணாதது. தம்பிடியும் காலணாவுமோ உப்புக்கும் வெற்றிலைக்குமாகப் பொழுது விடிந்தது முதல் கை மாறிக்கொண்டேயிருந்தவை. மேலும், காசு சிறுத்தால் எடைக்கு ஏற்ற அளவைவிட மேற்பரப்பு அதிகமாகிறபடியால் தேய்மானமும் விகிதத்தில் மிகுகிறது. இங்கிலாந்தில் 1868-இல் ஜெவன்ஸ் என்னும் பொருளாதார அறிஞர் ஆராய்ந்தபோது, முழுப் பவுன்களில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், அரைப் பவுன்களில் ஏறக்குறையப் பாதியும் சட்ட எடைக்குக் கீழே இறங்கியிருந்தன. நம் நாட்டில் விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும்படி அத்தனை சிறிதாயிருந்த வெள்ளி இரண்டணாவுக்கும் இதே கதிதான். அதை 1918 முதல் நிக்கல் கலந்த காசாக மாற்றியதற்கு யுத்தகால வெள்ளித் தட்டுப்பாடு காரணமாயினும், மாற்றம் அதற்கு நன்மையே செய்தது.

உலோகத்தின் குணமும் சேர்ந்து வேலை செய்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் காவெண்டிஷும் ஹாட்செட்டும் காசுகளை ஒன்றோடொன்று உராயவைக்கும் யந்திரம் அமைத்துத் தேய்மானத்தைச் சோதித்தார்கள். செம்பு மிருதுவானது, அதனால் 1906 முதல் காலணாவை வெண்கலத்தில் அடித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த, விளிம்பு வளைந்து வளைந்து செல்லும் நிக்கல் கலந்த ஓரணாவோ கடினமானது. அச்சின் அமைப்பையும் மறக்கலாகாது. விக்டோரியா ரூபாயை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள்: கன்னமும், காதின் மேலுள்ள கூந்தலும், அங்கியின் பூவேலையும் மேடாக நிற்பதால் முதலில் அவையே வழுவழுப்பாகும், எழுத்துக்களோ உயர்ந்த விளிம்பின் காவலில் நெடுங்காலம் பிழைத்திருக்கும். அரசியின் முகம் அழிந்த பின்னும் அவள் பெயர் படிக்கக் கிடைப்பது இதனால்தான்.

இன்னும் ஒரு காரணம் உண்டு. எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது. நூற்றுக்கு இரண்டுக்கு மேல் எடை குறைந்த ரூபாய் சட்டப்படி செல்லாதாகையால், தேய்ந்தவை கஜானா வழியாக அச்சாலைக்குத் திரும்பி உருக்கப்பட்டன. பின்னர் 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டதும், பழைய ரூபாய்க்கு ஜனங்களிடத்தில் மதிப்பு உயர்ந்து, கையிலிருந்தவை பெட்டிக்குள் பதுங்கின. ஓய்வின்றி உழைத்தவை உருகிப்போக, உழைக்காதிருந்தவையும் தப்பியவையுமே நம் கண்ணில் படுகின்றன. இப்போது கிடைக்கும் காசுகளைக் கொண்டு அக்காலத்துக் காசுகள் இவ்வளவு அழகாகவே புழங்கின என்று தீர்மானிப்பது தவறு.

காசுமாலையில் கோத்த பவுன்களின் நிலைமை வேறு. அவை கடைத்தெருவைக் கண்டதில்லை. ஆயினும் வளையம் பற்றவைத்த வடு விளிம்பில் நிற்கும். மண்ணில் புதைந்த செம்புக்காசு களிம்பேறிப் பச்சையாகும். அது தேய்மானமன்று, துருவே.

பாட்டியின் பெட்டியில் இத்தகைய காசு அகப்பட்டால், பளபளப்பு வேண்டிப் புளியோ சாம்பலோ இட்டுத் துலக்காதீர்கள். மேலே படிந்த கருமை வருஷக்கணக்கில் ஏறியது. அதைச் சுரண்டினால் எஞ்சியிருக்கும் முத்திரையும் சேர்ந்து போகும், காசு சேகரிப்போரிடம் அதன் விலையும் குறையும்.