இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும்: கோப்பு முறைமைச் சோதனைகளில் ஷெல் தரும் இன்மைச் சான்று

கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் ஷெல் உதவிச் செயற்கூறுகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் காட்டி வந்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே 'செட் -ஈ' எழுத வேண்டும். 'பைப்ஃபெயில்' சேர்க்க வேண்டும். மாறிகளை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால் தோற்ற கட்டளை எதுவும் கவனிப்பிலிருந்து தப்பாது என்பது அவர்கள் முடிவு. இக்கட்டுரை அம்முடிவை மறுக்கிறது. தோல்வியைக் கவனிக்கத் தவறுவதைவிடத் தோல்வியை வெற்றியாகப் பதிவு செய்வதே பெரிய ஓட்டை. அந்த ஓட்டை மிகுதியும் ஒரே வகைக் கூற்றில்தான் இருக்கிறது: 'இந்தக் கோப்பு இப்போது இல்லை' என்னும் கூற்று.

சிக்கலின் மூலம் பாசிக்ஸ் தரநிலையில் 'டெஸ்ட்' கட்டளையைப் பற்றிய பகுதி. அதில் '-ஈ' என்னும் தேர்வுக்குத் தரப்பட்டுள்ள விளக்கம் மிகச் சிறியது. பாதை ஓர் அடைவுப் பதிவைச் சென்றடைந்தால் விடை மெய். பாதையைத் தீர்க்க இயலாவிட்டால் விடை பொய். அதே பகுதியில் வெளியேறு நிலைகள் மூன்றாக வகுக்கப்பட்டுள்ளன: 0 என்றால் மெய், 1 என்றால் பொய், 1க்கு மேல் என்றால் பிழை. முந்தைய வாசிப்பு இவ்விரண்டையும் இணைத்து ஒரு நம்பிக்கையை எழுப்பிக்கொண்டது. கோப்பு இல்லாவிட்டால் 1 வரும், வட்டைப் படிக்க முடியாமல் போனால் 1க்கு மேற்பட்ட எண் வரும், ஆகவே 'டெஸ்ட் ! -ஈ' 0 தந்தால் கோப்பின் இன்மை நிறுவப்பட்டுவிட்டது என்பது அந்த நம்பிக்கை.

தரநிலையின் சொற்கள் இந்த வாசிப்புக்கு இடமே தரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழையைப் 'பாதை தீராமை' என்னும் வகையில் சேர்க்கலாகாது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் '-ஈ' விளக்கம், தீராத பாதைகளைக் காரணம் பார்த்துப் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒருசேரப் 'பொய்' என்னும் பக்கத்தில் தள்ளிவிடுகிறது. எஞ்சியிருக்கும் '1க்கு மேல்' என்னும் இடம் நடைமுறையில் தவறாக எழுதப்பட்ட கோவைகளுக்கே பயன்படுகிறது. செயலாக்கங்களும் என் வாசிப்பையே உறுதி செய்கின்றன. பாஷும் டேஷும் இத்தேர்வுக்கு 'ஸ்டாட்' அழைப்பை விடுக்கின்றன. அழைப்பு தோற்றால் கர்னல் தந்த பிழை எண்ணைப் பாராமலே 'பொய்' என்று திரும்புகின்றன. கோப்பு இல்லை என்னும் ஈநோஎன்ட், வட்டு படிக்க முடியவில்லை என்னும் ஈஐஓ, அனுமதி இல்லை என்னும் ஈஏக்செஸ் ஆகிய மூன்றுக்கும் ஷெல்லில் ஒரே விடைதான்: 1.

சாதாரண நிரலில் இது பொறுக்கத்தக்கது. கோப்பு முறைமைச் சோதனையில் பொறுக்கத்தக்கதன்று. ஃபியூஸ் வழியாக இயங்கும் ஒரு கோப்பு முறைமையை எடுத்துக்கொள்வோம். கோப்பை நீக்கும் வேண்டுகோளைக் கையாளும்போது அதன் பின்னணி நிரல் இறந்துவிடுகிறது. அதன்பின் மவுன்ட் புள்ளிக்குக் கீழுள்ள எந்தப் பாதையைக் கேட்டாலும் ஈநாட்கான் என்னும் பிழையே வரும். இப்போது 'டெஸ்ட் ! -ஈ' மெய் என்கிறது. நீக்கம் வெற்றி என்று பதிவாகிறது. 'ஆர்எம்' கட்டளை பிழை சொல்லியிருக்குமே என்று கேட்கலாம். சொல்லும். ஆனால் அதன் வெளியீட்டைச் சீராக்க ஒரு வடிகட்டிக்குப் பைப் செய்திருந்தால், 'பைப்ஃபெயில்' இல்லாதவரை வடிகட்டியின் வெளியேறு நிலையே மிஞ்சும். எக்ஸ்எஃப்எஸ் முறைமையைச் சோதனைக்காகவே வலிந்து முடக்கும் வசதி உண்டு. முடங்கிய பின் அங்கே உண்மையில் இருக்கும் கோப்பைக் கேட்டாலும் ஈஐஓ தான் வரும். மின்தடைக்குப் பிந்தைய மீட்பைச் சோதிப்பவர்கள் இந்த நிலையைத் தாமே உண்டாக்குகிறார்கள். இலக்கு இழந்த குறியீட்டு இணைப்பும் இங்கே சேரும். '-ஈ' இணைப்பைப் பின்தொடர்வதால், அடைவில் பதிவு இருந்தும் இல்லை என்றே விடை வரும்.

இந்த வேறுபாட்டை ஷெல் சோதனை மரபு அறியாததன்று. கிட்டின் சோதனை நூலகத்தில் 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்' என்றொரு செயற்கூறு உண்டு. கிட் கட்டளை ஒன்று தோற்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் வெறும் '!' போடாமல் இதைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். காரணம் தெளிவு: நினைவகப் பிழையால் நிரல் மாண்டாலும் '!' அதை வெற்றியாக்கிவிடும். எனவே இச்செயற்கூறு சிக்னலால் மாண்டதைக் காட்டும் எண்களையும், கட்டளையே கிடைக்கவில்லை என்னும் 127ஐயும் தனியே பிரித்துத் தோல்வி என்று அறிவிக்கிறது. அதே நூலகத்தின் 'டெஸ்ட்_பாத்_இஸ்_மிஸ்ஸிங்' செயற்கூறோ உள்ளே 'டெஸ்ட் -ஈ' ஒன்றையே நம்புகிறது. கிட்டுக்கு இது குறையாகாது. அங்கே சோதிக்கப்படுவது கிட். கோப்பு முறைமை நம்பத்தக்கது என்பது எடுகோள். அந்த வடிவத்தை அப்படியே கோப்பு முறைமைச் சோதனைக்குக் கொண்டுவரும்போது எடுகோளும் கூடவே வந்துவிடுகிறது. எது ஐயத்துக்குரியதோ அதுவே சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

'செட் -ஈ' இந்த ஓட்டையிலிருந்து காக்காது. '!' கொண்டு தொடங்கும் கட்டளைத் தொடருக்கு அது பொருந்தாது என்று தரநிலையே விலக்கு அளிக்கிறது. 'இஃப்' நிபந்தனையிலோ, '&&', '||' தொடர்களில் கடைசி அல்லாத இடத்திலோ ஒரு செயற்கூறை அழைத்தால், அதன் உடல் முழுவதிலும் 'செட் -ஈ' செயலற்றுப் போகிறது. உதவிச் செயற்கூறுகள் அழைக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். 'பைப்ஃபெயில்' 2024 பாசிக்ஸ் பதிப்பில் இடம்பெற்றது நல்ல மாற்றம். ஆனால் அது தோல்வியை முன்னே கொண்டுவருமே தவிர, தோல்வியின் வகையைச் சொல்லாது. '!' எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். 'டெஸ்ட்' கட்டளைக்கு உள்ளே நின்றால் தவறான கோவைக்குரிய 2 அப்படியே வெளிவரும். வெளியே நின்றால் அந்த 2உம் 0 ஆகிவிடும். 'கிரெப்' பொருத்தம் இல்லாததற்கு 1உம் கோப்பைப் படிக்க முடியாததற்கு 2உம் தந்து ஒழுங்காக நடந்துகொள்கிறது. முன்னே ஒரு '!' வந்ததும் அந்த ஒழுங்கு வீணாகிறது.

இதற்கு மாற்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. அதன் மதிப்புதான் சரியாக உணரப்படவில்லை. எக்ஸ்எஃப்எஸுக்காகத் தொடங்கிப் பின்னர் ஈஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் முதலியவற்றுக்கும் பொதுவான எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பு வெளியேறு நிலையை மட்டும் நம்பி இயங்குவதில்லை. சோதனையின் வெளியீட்டை முன்பே எழுதிவைத்த எதிர்பார்ப்பு வெளியீட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறது. இதைப் பழைய பாணி என்றும், துல்லியமற்றது என்றும் கருதுவோர் உண்டு. நான் நேர்மாறாகக் கருதுகிறேன். 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்னும் செய்தியும் 'உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை' என்னும் செய்தியும் வெவ்வேறு வரிகள். வெளியேறு நிலை அழித்துவிட்ட பிழை எண்ணை ஒப்பீடு மீட்டுத் தருகிறது. பிழைச் செய்தியை 'டெவ்/நல்'லுக்கு அனுப்பும் செயற்கூறு, தன்னிடமிருந்த ஒரே சான்றைத் தானே அழிக்கிறது.

எனவே இன்மையைக் கூறும் செயற்கூறு இப்படி அமைய வேண்டும் என்பது என் முன்மொழிவு. மொழி அமைப்பைச் 'சி' என்று நிலைநிறுத்தி 'ஸ்டாட்' கட்டளையை ஓட்ட வேண்டும். குனு 'ஸ்டாட்' இயல்பாகவே குறியீட்டு இணைப்பைப் பின்தொடராததால் இலக்கு இழந்த இணைப்பும் பிடிபடும். கட்டளை வென்றால் கோப்பு இருக்கிறது. தோற்றுச் செய்தி ஈநோஎன்ட்டுக்கு உரியதாக இருந்தால் மட்டுமே கோப்பு இல்லை. வேறு எந்தச் செய்தி வந்தாலும் 'தெரியவில்லை'. அது சோதனையின் தோல்வி. காணத்தக்க நிலையில் இருந்தும் காணப்படாத பொருளுக்கே இன்மை துணியப்படும் என்று குமாரில பட்டர் வழி மீமாம்சகர் வகுத்த வரம்பு இங்கே அப்படியே பொருந்துகிறது. அதே அடைவில் தெரிந்த கோப்பு ஒன்றை வைத்து அது தெரிகிறதா என்று பார்ப்பதும் உதவும், ஆனால் போதாது. அந்தக் கோப்பின் விவரம் கர்னலின் நினைவகத்திலிருந்தே கிடைத்துவிடலாம்.

மூன்றாம் விடையை எப்படி வெளியே சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். 'லோக்கல்' அறிவிப்பையும் கட்டளைப் பதிலீட்டையும் ஒரே வரியில் எழுதினால் 'லோக்கல்' தரும் 0 தான் மிஞ்சும். அறிவிப்பு ஒரு வரி, மதிப்பேற்றம் மறுவரி என்று எழுத வேண்டும். பதிலீட்டுக்குள்ளோ பைப்பிலோ அழைக்கப்பட்ட செயற்கூறு 'எக்ஸிட்' சொன்னால் துணை ஷெல்லே முடியும். சோதனை தொடர்ந்து ஓடும். எஃப்எஸ்டெஸ்ட்ஸின் '_நாட்ரன்' தன் காரணத்தை ஒரு கோப்பில் எழுதிவைப்பதால் துணை ஷெல் முடிந்த பின்பும் அது நிலைக்கிறது. 'தெரியவில்லை' என்பதற்கும் அதே முறை தகும். ஆனால் அந்தக் கோப்பு சோதிக்கப்படும் முறைமையில் இருக்கவே கூடாது.

செய்தியின் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பது பொருட்படுத்த வேண்டிய ஆட்சேபம். மொழி அமைப்பை நிலைநிறுத்தினாலும் அது முழுதும் தீராது. பிழை எண்ணையே அச்சிடும் சிறு சி நிரல் அதைத் தீர்க்கும். ஈஐஓ அரிதாகவே வரும் என்பது விடை சொல்லத் தேவையில்லாத ஆட்சேபம். அந்த அரிய நிலையைத் தேடித்தான் சோதனை எழுதப்படுகிறது. வேகம் குறையும் என்பதும் அத்தகையதே. ஒரு மவுன்ட்டுக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒரு 'ஸ்டாட்' கணக்கில் வராது.

ஷெல்லில் மெய், பொய் என்னும் இரண்டு விடைகளே உண்டு என்று கொண்டவர்கள் தரநிலை தந்த மூன்றாம் இடத்தைக் கண்டும் அதை நிரப்பாமல் விட்டார்கள். அதை நிரப்புவது உதவிச் செயற்கூறை எழுதுபவரின் கடமை. அந்தக் கடமை நிறைவேறாத சோதனைத் தொகுப்பில், நீக்கம் பற்றிய ஒவ்வொரு வெற்றிப் பதிவும் மறுபரிசீலனைக்கு உரியது.